ஆனைமேல் துஞ்சின தேவரும் சீட்டுப் பணமும்

கேள்வி: தாத்தா சதாபிஷேகத்துக்கு ஒரு குடும்ப மலர் போடறோம். கொள்ளுத்தாத்தா ஊர்ல சீட்டு நடத்தி, பணத்தோட ஓடி, மாட்டிக்கிட்டு கோயமுத்தூர் ஜெயில்ல ரெண்டு வருஷம் இருந்தவர். இத இடக்கரடக்கலா எப்படி எழுதறது சார்?

பதில்: மொதல்ல இலக்கணம், அப்புறம் ஜெயில். இடக்கரடக்கல்னா சபையில சொல்லக் கூசற சமாச்சாரத்த 'கால் கழுவிட்டு வந்தேன்'னு சொல்றது. உங்க கொள்ளுத்தாத்தா கால் கழுவல, சீட்டு கட்டினவங்களைத்தான் கை கழுவினார். நன்னூல் தகுதி வழக்குன்னு மூணு சொல்லுது, அதுல உங்களுக்கு வேண்டியது மங்கலம்: செத்தார துஞ்சினார்ங்கறது, சுடுகாட்ட நன்காடுங்கறது. இன்னொண்ணு குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தங்களுக்குள்ள மட்டும் வெச்சிக்கற பேர், வேடர்கள் கள்ளுக்கு 'சொல்விளம்பி'ன்னு பேர் வெச்சிருந்தாங்களாம், உள்ள போனா மனசுல இருக்கறதெல்லாம் வெளிய வந்துடும் இல்லையா, எங்க ஆபீஸ்ல சனிக்கிழமை சாயங்காலம் விளம்பாத ஆளே கிடையாது.

மங்கலத்துல சோழர்கள அடிச்சிக்க ஆள் இல்ல. 949ல தக்கோலத்துல ராஷ்டிரகூடர்களோட சண்டை, இளவரசன் ராஜாதித்தன் யானை மேல இருந்தபடியே செத்தான், படை தோத்துது, தொண்டை மண்டலமே கைவிட்டுப் போச்சு. கல்வெட்டு அவனை எப்படிச் சொல்லுது? 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. என்னமோ மத்தியானம் சாப்பிட்டுட்டு யானை மேலயே சித்த கண்ணசந்துட்ட மாதிரி! இத நான் ஒரு தடவ எழுதப்போய் ஒரு பேராசிரியர் சோழர்கள அவமானப்படுத்திட்டேன்னு நாலு பக்கத்துக்கு லெட்டர் போட்டார், பதினஞ்சு வருஷம் ஆச்சு, கல்யாண வீட்ல பாத்தா இன்னும் மூஞ்சியத் திருப்பிக்கறார். ஐயா, அது கிண்டல் இல்ல, பொறாமை. எனக்கு அப்படி ஒரு வரி எழுத வரலயேங்கற பொறாமை.

ஒண்ணு மட்டும் பண்ணிடாதீங்க. கோயமுத்தூர் ஜெயில்னா வ.உ.சி. 1908லேர்ந்து 1910 வரைக்கும் இருந்த எடம், செக்கிழுத்த எடம். 'வ.உ.சி. வாழ்ந்த அதே இடத்தில் இரண்டாண்டுகள் வாழ்ந்தவர்'னு எழுத கை துறுதுறுங்கும். ஒரு வார்த்தை கூட பொய் இல்ல, அதான் வினையே. அந்த செக்கு இப்ப கிண்டி காந்தி மண்டபத்துல இருக்கு, ஒரு நடை போய் பாத்துட்டு வந்து அந்த வரிய எழுத முடியுதான்னு சொல்லுங்க. 1972ல தியாகி பென்ஷன் வந்தப்ப ஆறு மாசமாவது ஜெயில்ல இருந்திருக்கணும்னு விதி வெச்சாங்க, எங்க ஊர்ல ஒரே ராத்திரியில தேசபக்தி பொங்கிடுச்சு, சாராய கேசுல உள்ள போனவரெல்லாம் உப்பு காய்ச்சினேன்னு கெளம்பிட்டார். காய்ச்சினது என்னமோ நெசம்தான்.

நீங்க இப்படி எழுதுங்க: 'பலருடைய சேமிப்பைத் தாமே சுமந்து வெளியூர் சென்றார், பிறகு சர்க்கார் செலவில் கோவையில் தங்கினார்.' படிக்கறவன் சிரிக்கணும், நம்பிடக்கூடாது.

எங்க வீட்லயும் ஒரு பெரிய தாத்தா நாலு வருஷம் 'ரங்கூன்' போயிருந்தார். அவர் கொண்டுவந்த பர்மா தேக்குப் பெட்டியில சாய்ஞ்சிக்கிட்டுத்தான் இத எழுதறேன். மூடிக்கு உள்பக்கம் 'வேலூர்'னு முத்திரை குத்தியிருக்கு.