கேள்வி-பதில்: புதுப் பெயின்ட் அடித்த பழைய ஃப்ளாட்

கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களின் கேள்விகள் இந்த முறை. கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்ட் கடைசியில் அங்கே பள்ளிகள் திறக்கும். அதற்குள் வீடு பிடித்துக் குடியேறப் பலரும் அவசரப்படுகிறார்கள். பணம் போவது அந்த அவசரத்தில்தான்.

கேள்வி: என் வீட்டுக்காரர் துபாய் அல் குசைஸில் இரண்டு படுக்கையறை ஃப்ளாட் பார்த்திருக்கிறார். கட்டடம் பழையது, உள்ளே எல்லாம் புதிதாகச் செய்தது என்கிறார்கள். ஆகஸ்டில் நானும் பிள்ளைகள் இரண்டு பேரும் போகிறோம். சாவி வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்?
— வாசகி, களியக்காவிளை

பதில்: முதலில் ஒரு வாளித் தண்ணீரோடு குளியலறைக்குள் போகச் சொல்லுங்கள். தரையில் மொத்தமாக ஊற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் தண்ணீர் முழுதும் ஜாலிக்குள் இறங்கினால் சரி. கதவுப் பக்கம் தேங்கினால், பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அப்படிச் செய்தால் பழைய வாட்டம் கெடும், வாசற்படியின் உயரமும் குறையும். குளிக்கிற தண்ணீர் படுக்கையறைக்குள் வரும். ஒரு நாணயத்தால் டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடம் சீக்கிரம் பெயர்ந்துவிடும். தண்ணீர் மெதுவாக இறங்கினால் வேலையாட்கள் கழுவிவிட்ட சிமென்ட் குழாய்க்குள் இறுகியிருக்கலாம். அதைக் குடியேறும் முன்பே உரிமையாளர் எடுத்துத் தர வேண்டும். சாக்கடை வாடை வந்தால் உடனே பயப்பட வேண்டாம். பூட்டிக் கிடந்த வீட்டில் ஜாலிக்குக் கீழே நிற்கும் தண்ணீர் வற்றியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். அப்போதும் வாடை போகாவிட்டால்தான் பழுது.

அடுத்தது சமையலறை சிங்க்கின் அடி அலமாரி. அதன் தரைப்பலகையை விரலால் அழுத்துங்கள். மெத்தென்று இருந்தாலோ ஓரம் உப்பியிருந்தாலோ கசிவு ஏற்கெனவே இருக்கிறது, மேலே தாள் மட்டும் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மரத்தூள் பலகை ஒரு முறை ஊறினால் பழைய நிலைக்கு வராது, மாற்றத்தான் வேண்டும்.

ஏசியை 22 டிகிரியில் வைத்து ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் 8 முதல் 10 டிகிரி வித்தியாசம் தெரிய வேண்டும். ஆகஸ்டில் கடலோரக் காற்றின் ஈரமெல்லாம் ஏசிக்குள் தண்ணீராக இறங்கும். அது வெளியேறும் குழாயில் ஜிப்சம் தூளும் பெயின்ட் துகளும் அடைத்திருந்தால் தண்ணீர் சீலிங் வழியாகச் சொட்டும். புதுப்பித்த வீடுகளில் முதல் மாதத்தில் வரும் தொல்லைகளில் இதுதான் முக்கியம். குடியேறிய சில நாளிலேயே மேஜை மேல் வெள்ளைத் தூள் படிந்தால் ஃபில்டரை மட்டும் கழுவினால் போதாது. சீலிங்குக்கு மேலே குளிர்காற்று வரும் வழியான டக்ட்டைச் சுத்தம் செய்து தரக் கேளுங்கள். ஏசி பில் மின்சார பில்லிலேயே வருமா, கட்டடத்துக்கு மொத்தமாகக் குளிரூட்டித் தரும் சில்லர் கம்பெனிக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா என்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தனி என்றால் அதற்கும் ஒரு டெபாசிட் உண்டு.

வாட்டர் ஹீட்டர் பெரும்பாலும் குளியலறை சீலிங்குக்கு மேலே ஒளிந்திருக்கும். மூடியைத் திறந்து, அடியில் துருவோ ஈரமோ இருக்கிறதா என்று பாருங்கள். மின் பெட்டியில் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் பிரேக்கர் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அதை மாற்றும்வரை பிள்ளைகளோடு அங்கே தங்காதீர்கள்.

குறைகளை அன்றைக்கே தேதி தெரியும்படி படமெடுத்து, உரிமையாளருக்கோ ஏஜென்டுக்கோ மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். துபாயின் 2007ஆம் ஆண்டு 26ஆம் எண் வாடகைச் சட்டம், 16ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிராவிட்டால் பராமரிப்பும் பழுதுபார்ப்பும் உரிமையாளரின் பொறுப்பு. அந்த ‘வேறுவிதமாக’தான் பல ஒப்பந்தங்களில் சின்ன எழுத்தில் இருக்கும். 500 திர்ஹத்துக்குக் குறைந்த பழுது குடியிருப்பவர் செலவு என்று எழுதுவது வழக்கம். அதை ஒத்துக்கொள்ளலாம். ஏசி, ஹீட்டர் முழுவதும் உங்கள் தலையில் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வாடகைக்கு வெளியே கையில் இருக்க வேண்டிய பணம்: சாமான் இல்லாத வீட்டுக்கு ஆண்டு வாடகையில் 5 சதவீதம் முன்பணம் கேட்பது வழக்கம், ஏஜென்ட் கமிஷன் ஏறக்குறைய அதே அளவு, மின்சாரம்-தண்ணீர் இணைப்புக்கு ஃப்ளாட் என்றால் 2,000 திர்ஹம் டெபாசிட். மாத மின்கட்டண பில்லில் வீட்டுவரியும் சேர்ந்து வரும். ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை 12ஆகப் பிரிப்பார்கள். 60,000 திர்ஹம் வாடகைக்கு மாதம் 250 திர்ஹம். முதல் பில்லைப் பார்த்துப் பலரும் மீட்டர் பழுதென்று நினைப்பது இதனால்தான். ஷார்ஜாவில் விதிகளும் கட்டணமும் வேறு. இந்தக் கணக்கை அங்கே பொருத்தாதீர்கள்.

இன்னொன்று, நீங்கள் ஆகஸ்டில் போவதால். மொட்டைமாடி டேங்க் வெயிலில் கொதித்து, சாதாரணக் குழாயிலேயே கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வரும். ஜூன் முதல் செப்டம்பர்வரை ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அதன் தொட்டியில் நிற்கும் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே ஆறியிருக்கும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டலாம். 50 லிட்டர் தொட்டி என்றால் அவ்வளவுதான் கிடைக்கும். அடுத்த ஆளுக்கு அது மறுபடி ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

கேள்வி: கிரைண்டர், மிக்ஸி, குக்கர் எல்லாம் இங்கிருந்தே கொண்டுபோகலாமா? பிளக் மாறும் என்கிறார்கள். பொடி, ஊறுகாய்க்குத் தடை உண்டா?
— வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: மின்னழுத்தம் இரண்டு இடத்திலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கருவிகள் அப்படியே ஓடும். ஸ்டெபிலைசரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். மாறுவது பிளக் மட்டும்தான். நம் ஊர் உருண்டை முள் அங்கே போகாது. தட்டையான மூன்று முள், உள்ளே ஃபியூஸ் வைத்த 13 ஆம்பியர் பிளக் வேண்டும். தெருக்கடையில் விற்கும் மலிவு கன்வெர்டரை மோட்டார் கருவிகளுக்குப் போடாதீர்கள். பிடிப்பு தளர்ந்து, பொறி பறந்து, பிளாஸ்டிக் உருகும். பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் புதியதைப் பொருத்துவதே நல்லது. பிளக்கைத் திறந்து, நீளமான முள் உங்களுக்கு மேலே இருக்கும்படி பிடித்தால், பழுப்பு ஒயர் வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கும் முனைக்கு, நீலம் இடப்பக்கம், பச்சை-மஞ்சள் மேலே. ஃபியூஸும் கருவிக்குத் தக்கதாக இருக்க வேண்டும். 150 வாட் கிரைண்டருக்கு 3 ஆம்பியர், 750 வாட் மிக்ஸிக்கும் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கும் 5 ஆம்பியர், கெட்டில் போன்றவற்றுக்கு 13. எல்லாவற்றுக்கும் 13 போட்டால் ஒயர் கருகிய பிறகுதான் ஃபியூஸ் போகும்.

கொண்டுபோகத் தகுந்ததா என்பது வேறு கணக்கு. இரண்டு லிட்டர் கிரைண்டர் கல்லோடு 10 கிலோவைத் தாண்டும். 30 கிலோ அனுமதியில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். நம் ஊர்க் கம்பெனிகளின் கிரைண்டரும் மிக்ஸியும் அங்கே இந்தியக் கடைகளில் கிடைக்கின்றன. இங்கே வாங்கியதன் வாரன்டி அங்கே செல்லாது என்பதால் புதிதாக வாங்குவதென்றால் அங்கேயே வாங்குங்கள். இங்கே ஏற்கெனவே நன்றாக ஓடும் மிக்ஸி இருந்தால் மட்டும் எடுத்துப்போங்கள்.

குக்கரை எடுத்து வைக்கும் முன் அங்கே என்ன அடுப்பு என்று கேளுங்கள். புதுப்பித்த ஃப்ளாட்களில் கேஸை எடுத்துவிட்டு மின்அடுப்பு வைத்திருப்பது உண்டு. இண்டக்‌ஷன் என்றால் சாதாரண அலுமினியக் குக்கர் சூடேறாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் வேலை செய்யும். கண்ணாடி மேல்தட்டு உள்ள சாதாரண மின்அடுப்பில் அலுமினியம் ஓடும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். குழிந்த சீனச்சட்டியும் உருளியும் இரண்டிலும் பயன்படா. புட்டுக்குடத்தின் அடியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இனி, மிக முக்கியமான ஒன்று. கசகசாவை எந்த வடிவிலும் கொண்டுபோகாதீர்கள். அமீரகத்தில் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் சேர்த்திருந்தாலும் அதுவே. அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடி என்றாலும் என்ன சேர்த்தார்கள் என்று கேட்டுவிட்டே பெட்டியில் வையுங்கள். வெற்றிலை, பான், மெல்லும் புகையிலை ஆகியவையும் தடை. பெரியவர்கள் கூட வந்தால் அவர்கள் பையைப் பாருங்கள். கோடீன், டிரமடால், பிரிகாபலின் போன்ற மருந்துகளுக்கு அந்நாட்டு அரசிடம் இணையவழியில் முன்அனுமதி வாங்க வேண்டும். டாக்டர் சீட்டு மட்டும் இருந்தால் போதாது. கொப்பரை எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருளாக விமானத்தில் கருதப்படுகிறது, அதை வைக்காதீர்கள். ஊறுகாய்க்குத் தடையில்லை. எண்ணெய் கசியாமல் இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டி, பெரிய பெட்டியில் போடுங்கள். மட்டை அரிசி, நல்லெண்ணெய், புளி எல்லாம் அங்கே தாராளம். எடையை அதற்குச் செலவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் திருமணம் மார்த்தாண்டத்தில் பதிவானது. குழந்தை பிறந்தது நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில். குடும்ப விசாவுக்கு இரண்டு சான்றிதழையும் திருவனந்தபுரத்திலேயே முடித்துத் தருவதாக ஏஜென்ட் மொத்தத் தொகை கேட்கிறார்.
— வாசகர், பாறசாலை

பதில்: எந்த மாநிலம் சான்றிதழ் கொடுத்ததோ அந்த மாநில அரசுதான் முதல் முத்திரை போட முடியும். நீங்கள் குடியிருக்கும் இடம் கணக்கில்லை. திருமணச் சான்றிதழ் தமிழ்நாட்டு வழியில் போக வேண்டும், பிறப்புச் சான்றிதழ் கேரள வழியில். அதன்பின் இரண்டுக்கும் இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அங்கே போய் அவர்கள் வெளியுறவு அமைச்சகம். தூதரகத்துக்குப் போகாமலே பல நாடுகள் ஏற்கும் அபோஸ்டில் முத்திரை அமீரகத்துக்குச் செல்லாது. அதை மட்டும் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஏஜென்டிடம் சான்றிதழ் வாரியாக, கட்டம் வாரியாக, அரசுக் கட்டணம் எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: கட்டில், மெத்தை, சோபா பழையது வாங்கினால் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், கம்பம்

பதில்: மேஜை, நாற்காலி, அலமாரி வாங்கலாம். மெத்தையும் துணி சோபாவும் வேண்டாம். மூட்டைப்பூச்சி அங்கே பெரிய தொல்லை. ஒரு மெத்தையில் வந்தால் வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டும், அதுவும் ஒரு முறையில் தீராது. பழைய மரக்கட்டில் என்றால் திருகு மூட்டுகளிலும் பலகை இடுக்கிலும் டார்ச் அடித்துக் கறுப்புப் புள்ளிகளைத் தேடுங்கள். இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் விட்டுவிடுங்கள். புதிதாக வாங்கும்போது விலைச்சீட்டில் 5 சதவீத வாட் வரி சேர்ந்தே இருக்கும், பில் போடும்போது தனியாகக் கூட்டினால் கேளுங்கள். கொண்டுவந்து பொருத்தித் தரும் கூலி அதில் அடக்கமா என்பதையும், அலமாரி லிஃப்டுக்குள் நுழையுமா என்பதையும் அளந்து பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வரி எண் உள்ள பில் இல்லாமல் புகார் செய்யப் போனால் கை வெறுமையாக நிற்க வேண்டி வரும்.

கேள்வி: மகன் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறான். ஜூன், ஜூலையில் நாங்கள் போகலாமென்று இருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு மூன்று வயதும் ஆறு வயதும். எங்கெங்கே போகலாம்?
— வாசகர், செங்கோட்டை

பதில்: உங்கள் ஊரில் சாரல் அடிக்கும் அதே நேரத்தில் அங்கே 40 டிகிரிக்கு மேல் வெயில். சுற்றிப்பார்ப்பதற்கென்றே போவதானால் நவம்பர் முதல் மார்ச்சுக்குள் டிக்கெட் போடுங்கள். ஜூனில்தான் முடியும் என்றால் பகலில் மூடிய இடங்களும் மெட்ரோவும், வெளியே போவது சூரியன் சாய்ந்த பிறகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவுக்கு நோல் கார்டு என்ற பயண அட்டை வேண்டும், ஐந்து வயதுக்குக் கீழே இலவசம். ரயிலுக்குள் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்தாலும் 100 திர்ஹம் அபராதம் என்பதால் ஏறும் முன்பே கொடுத்துவிடுங்கள்.

கார் எடுத்தால் நான்கு வயதுவரை குழந்தை இருக்கை கட்டாயம். இல்லாவிட்டால் 400 திர்ஹம் அபராதமும் லைசென்ஸில் நான்கு கரும்புள்ளியும். மூத்த பிள்ளையையும் முன்இருக்கையில் உட்கார வைக்கக் கூடாது. பத்து வயது ஆக வேண்டும். உங்கள் மகனுக்குக் குடியிருப்பு விசா இருப்பதால் அமீரக லைசென்ஸ் இல்லாமல் அவர் ஓட்டக் கூடாது, இந்திய லைசென்ஸ் செல்லாது.

குளிர்காலத்தில் போனால் எங்கள் வரிசை இது. முதலில் அல் ஐன். பேரீச்சைத் தோப்புக்குள் ஃபலஜ் எனும் பழங்காலப் பாசன வாய்க்கால் ஓடும். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம், நிழலில் நடக்கலாம், வயதானவர்களுக்கும் சுலபம். சாயங்காலம் ஜெபல் ஹஃபீத் மலைச்சாலை. அடுத்து ஹத்தா அணை, காலையிலேயே போய்விட வேண்டும். அபுதாபி ஷேக் சயீத் பள்ளிவாசலுக்குக் கட்டணமில்லை, ஆனால் இணையத்தில் முன்பதிவு வேண்டும். பெண்கள் தலைக்குத் துணியும் கணுக்கால்வரை உடையும் கொண்டுபோங்கள். மழை பெய்தால் மட்டும் மலைப்பக்கம் போகாதீர்கள். வறண்ட ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும். வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்குக்குள் வண்டி இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், 23 கரும்புள்ளி, 60 நாள் வண்டி பறிமுதல். மணலில் யாரோ கறி சுட்டுப் புதைத்துவிட்டுப் போன கரி மணிக்கணக்கில் சூடாக இருக்கும், பிள்ளைகளைச் செருப்பில்லாமல் விடாதீர்கள்.

கேள்வி: புதுப்பித்த ஃப்ளாட்டில் விளக்கேற்றி, சாம்பிராணி போடலாமா? சுவரில் ஆணி அடிக்கலாமா?
— வாசகி, புளியறை

பதில்: எண்ணெய் விளக்கு ஒன்றுக்குப் பொதுவாகப் பிரச்சினை வராது. சாம்பிராணிப் புகை சீலிங்கில் இருக்கும் புகை உணர்கருவியை எட்டினால் கட்டடம் முழுக்க அலாரம் அடிக்கலாம். கருவிக்கு நேர் கீழே போடாமல், சமையலறையில் எக்ஸாஸ்ட் ஓட விட்டு, கொஞ்சமாகப் போடுங்கள். கருவியைப் பிளாஸ்டிக் உறையால் மூடிவைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை ஒருபோதும் செய்யாதீர்கள், உண்மையில் தீப்பிடித்தால் எச்சரிக்க வேறு ஒன்றும் இல்லை. ஆணிக்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குளியலறைக்குப் பின்பக்கச் சுவரில் துளையே போடாதீர்கள், தண்ணீர்க் குழாய் அங்கேதான் போகும். சாமி படங்களுக்கு ஒட்டும் கொக்கியே போதும், ஆனால் பெயின்ட் நன்றாகக் காய ஒரு மாதம் விட்டு ஒட்டுங்கள். முன்பே ஒட்டினால் எடுக்கும்போது பெயின்ட்டும் உரிந்து வரும், அந்தச் செலவை முன்பணத்தில் கழிப்பார்கள்.