தலையில் பேன், வயிற்றில் கீரிப்பூச்சி: கேட்டார்கள், சொன்னேன்

மன்னார்குடிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆக வேண்டியதுதான், கடைத்தெருவில் யாராவது ஒரு அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்துவார். ஏதோ குடும்ப ரகசியம் என்று காதைக் கொடுத்தால், பேன். இல்லாவிட்டால் கீரிப்பூச்சி. இந்த முறை எல்லாரும் சத்தமாகவே கேளுங்கள் என்றேன். கேட்டுவிட்டார்கள்.

கும்பகோணம், 4ஆம் வகுப்புப் பெண்ணின் அம்மா: அக்கா, பேன் மருந்து போட்டுக் குளிப்பாட்டினால் ஒரு வாரம் சும்மா இருக்கிறாள். அப்புறம் மறுபடி சொறிகிறாள். இந்த வருஷம் மூன்று தடவை ஆகிவிட்டது. கடையில் போலி மருந்து கொடுக்கிறார்களா?

மருந்தைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். இரண்டாம் தடவை போட்டீர்களா? பெரும்பாலான வீடுகளில் பதில் "இல்லை"தான். பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் ஓடுகிற பேனைக் கொல்லும், ஈரை முழுசாகக் கொல்லாது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானே ஈர் வைக்க இன்னும் ஒன்பது, பத்து நாள். அதனால் முதல் தடவை போட்ட நாளிலிருந்து 9ஆம் நாள் மறுபடி போட்டால், பொரிந்தது எல்லாம் ஈர் வைக்கும் முன்பே போய்விடும். அந்த நாளைத் தவறவிட்டால் கணக்கு முதலிலிருந்து. நாள்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள்.

போடுகிற விதமும் உண்டு. சாதாரண ஷாம்பூவால் அலசி, துண்டால் ஈரத்தை ஒற்றிய முடியில், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வேர் வரை படும்படி தடவி, 10 நிமிஷம் விட்டு அலச வேண்டும். எண்ணெய்த் தலையில் போடக்கூடாது, கண்டிஷனரும் அன்றைக்கு வேண்டாம். இடுப்பு வரை சடை உள்ள பெண்ணுக்கு ஒரு பாட்டில் போதாது, பாதித் தலைக்குப் போட்டுவிட்டு மருந்தைக் குறை சொல்லாதீர்கள். போட்டு அரை நாள் கழிந்தும் பேன் முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால், அந்த மருந்துக்குப் பழகிய பேனாக இருக்கலாம். டாக்டரிடம் வேறு மருந்து கேளுங்கள்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. அந்தப் பெண் யாரோடு படுக்கிறாள்? உங்கள் தலையை யார் பார்த்தார்கள்?

பட்டுக்கோட்டை, இரண்டு பெண்களின் அப்பா: சிஸ்டர், மருந்தே இல்லாமல் சீப்பை மட்டும் வைத்து ஒழிக்க முடியுமா? வீட்டில் மனைவி ஊரில் இல்லை, நான்தான் சடை பின்னுகிறேன்.

முடியும் தம்பி. பொறுமைதான் மருந்து. தலையை நனைத்து, நிறைய கண்டிஷனர் தடவுங்கள். தேங்காய் எண்ணெயும் ஆகும், ஆனால் அலசுவது உங்கள் பாடு. ஈர முடியில் பேனால் வேகமாக ஓட முடியாது. பல் நெருக்கமான பேன் சீப்பால், எங்கள் பாட்டி காலத்தில் ஈருளி என்பார்கள், வேரிலிருந்து நுனி வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். முதல் நாள், 5ஆம் நாள், 9ஆம் நாள், 13ஆம் நாள். நான்கு தடவை. கடைசித் தடவை ஒன்றுகூட வரக்கூடாது. வெளிச்சமுள்ள திண்ணையில் உட்கார வைத்து, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துவிட்டால் பிள்ளை முக்கால் மணி நேரம் அசையாது.

முடியில் ஒட்டியிருக்கிற வெள்ளைப் புள்ளி எல்லாம் உயிருள்ள ஈர் என்று நினைத்துக் கலங்க வேண்டாம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. வேரை விட்டு அவ்வளவு தள்ளியிருந்தால் அநேகமாக அது பொரிந்த வெறும் ஓடு. ஊதினால் பறப்பது பொடுகு, இழுத்தாலும் வராமல் பிடிப்பது ஈர்.

திருத்துறைப்பூண்டி, விவசாயி: அம்மா, எங்கள் ஆத்தா மண்ணெண்ணெய் தடவித்தான் எங்களுக்குப் பேன் எடுத்தார்கள். நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம்? இப்போது சிலர் வயலுக்கு அடிக்கிற மருந்தில் ரெண்டு சொட்டு போதும் என்கிறார்கள்.

இதற்கு நான் கொஞ்சம் கோபமாகத்தான் பதில் சொல்வேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு சம்பா பருவத்தில், ஏழு வயசுப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார் ஒருவர். நெல்லுக்கு அடிக்க வாங்கியதில் மீந்ததை எண்ணெயில் கலந்து தலையில் தேய்த்து, ஆவி வெளியே போகாமல் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். வாயில் எச்சில் ஒழுகுகிறது, வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை, கண்ணின் பாப்பா கடுகு மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. சோப்பு போட்டுத் தலையை அலசி அலசி ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த அந்த நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிழைத்துவிட்டாள். எல்லாரும் பிழைப்பதில்லை. தலைத்தோல் மருந்தை உறிஞ்சும், சொறிந்து புண்ணான தோல் இன்னும் வேகமாக உறிஞ்சும். வயல் மருந்தில் "ரெண்டு சொட்டு" என்ற அளவே கிடையாது. யாராவது போட்டுவிட்டிருந்தால் உடனே அலசிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள், மருந்துப் பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள்.

மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும். அடுப்பு, விளக்குப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். உங்கள் ஆத்தாவுக்கு வேறு வழி இல்லை, செய்தார்கள். உங்களுக்கு மருந்துக்கடை இருக்கிறது.

மயிலாடுதுறை, பாட்டி: சீத்தாப்பழ விதையை அரைத்துத் தடவலாமா? கற்பூரம் போட்ட எண்ணெய்? துளசி?

சீத்தாப்பழ விதை பேனைக் கொல்லும், பொய்யில்லை. ஆனால் அந்த விழுது கண்ணில் வழிந்தால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். அப்படிக் கண் சிவந்து, திறக்க முடியாமல் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். கற்பூரம் சின்னப் பிள்ளை வாயில் பட்டால் வலிப்பு வரும், தோல் வழியாகவும் உள்ளே போகும், அதுவும் வேண்டாம். வேப்பெண்ணெய் தடவிச் சீவுங்கள், நாற்றத்தைப் பிள்ளை பொறுத்துக்கொண்டால். தலையணைக்குக் கீழே துளசி வைப்பதால் கெடுதல் இல்லை, பேனுக்கும் இல்லை.

திருவாரூர்: வைத்தீஸ்வரன் கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டுதல் இருக்கிறது. அதோடு பேனும் போய்விடும் அல்லவா?

போகும். பிடித்துக்கொள்ள முடி வேண்டுமே அதற்கு. வேண்டுதல் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். பேனுக்காக மட்டும் பத்து வயசுப் பெண்ணுக்கு மொட்டை போட்டு வகுப்புக்கு அனுப்புவது எனக்குச் சம்மதமில்லை. அக்கா தலையில் பேன் இருந்தால், தங்கைக்கு முடி விரல் அளவு வளர்ந்ததும் திரும்பிவிடும்.

நாகப்பட்டினம், தொடக்கப் பள்ளி ஆசிரியை: தலையில் பேன் ஓடுவது தெரிந்தால் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? மற்ற பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள்.

அனுப்பாதீர்கள் டீச்சர். நீங்கள் பார்ப்பதற்குப் பல வாரம் முன்பே அது அங்கே குடியேறியிருக்கும், ஒரு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது. சாயங்காலம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பேனுக்குச் சிறகு இல்லை, குதிக்கவும் தெரியாது. தலையோடு தலை முட்டினால் ஊர்ந்து போகும், அவ்வளவுதான். ஒரே செல்போனைச் சுற்றி நான்கு தலை குனிந்தால் அதற்கு அது பாலம். இரட்டைச் சடையை மடித்துக் கட்டி வரச் சொன்னால் பரவுவது குறையும்.

அந்தச் சண்டைக்கு வரும் பெற்றோர்களிடம், தினம் தலை குளிக்கிற வீட்டிலும் பேன் வரும் என்று சொல்லுங்கள். அதற்குச் சுத்தத் தலை, அழுக்குத் தலை என்ற வித்தியாசம் தெரியாது. ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது நாம்தான்.

தஞ்சாவூர்: ஆற்றில் குளித்தால் பேன் ஒட்டுமா? தலையணை, போர்வையை எல்லாம் எரித்துவிடவா?

தண்ணீரில் முங்கினால் பேன் முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மிதந்து அடுத்த தலைக்கு வராது. தலையை விட்டுக் கீழே விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாளில் பயன்படுத்திய உறை, துண்டு, ரிப்பனைச் சுடுதண்ணீரில் அலசி நம் ஊர் வெயிலில் போடுங்கள். எரிக்க வேண்டாம், போர்வை என்ன விலை விற்கிறது!

திருவையாறு, 6 வயசுப் பெண்ணின் அம்மா: சிஸ்டர், இனி பூச்சிக்கு வருகிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எழுந்து பின்பக்கம் அரிக்கிறது என்று அழுகிறாள். சில நாள் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. மலப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது.

நீங்கள் சொல்வது அப்படியே கீரிப்பூச்சிதான். நூல்புழு என்றும் சொல்வார்கள். மலத்தில் முட்டை தெரியாதது வழக்கம், ஏனென்றால் அது உள்ளே முட்டை வைப்பதில்லை. பிள்ளை தூங்கியதும் பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் ஆயிரக்கணக்கில் வைத்துவிட்டுச் செத்துப்போகும். அந்த அரிப்புதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு முன்பக்கமும் ஏறி எரிச்சலைக் கொடுக்கும், படுக்கையில் சிறுநீர் போவதும் அதனால் இருக்கலாம். பரிசோதனைக் கூடத்தை விட உங்கள் டார்ச்சு மேல். தூங்கி இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து மெதுவாக விலக்கிப் பாருங்கள். தையல் நூல் துண்டு போல, ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளையாக நெளியும். டாக்டர் நிச்சயம் கேட்டால், காலையில் கழுவுவதற்கு முன்பு செலோடேப்பை அந்த இடத்தில் ஒற்றிக் கண்ணாடித் துண்டில் ஒட்டிக் கொடுக்கலாம். மூன்று நாள் காலை எடுத்தால் பெரும்பாலும் தப்பாது.

மருந்து சுலபம். ஆல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை, மென்று சாப்பிட வேண்டும். 1 முதல் 2 வயசு வரை பாதி. ஒரு வயசுக்குக் கீழே டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். அரிப்பு இருக்கிறதோ இல்லையோ வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாளில். இரண்டு வாரம் கழித்து மறுபடி எல்லாருக்கும். ஆமாம், இங்கேயும் அதே இரண்டாம் தடவைதான். மாத்திரை புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை நகத்திலும் பாயிலும் இரண்டு, மூன்று வாரம் உயிரோடு இருக்கும்.

அதனால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். ராத்திரி இறுக்கமான ஜட்டி போட்டுப் படுக்க வையுங்கள், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக இடுப்புக்குக் கீழே சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள். பாயை, போர்வையை வீட்டுக்குள் உதறாதீர்கள், முட்டை பறந்து சோற்றுத் தட்டில் விழும். துடைப்பத்தால் பெருக்குவதை விட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டால் நகம் வெட்டுவதையும் காலையில் எழுந்ததும் கழுவுவதையும் மட்டுமாவது விடாதீர்கள்.

சீர்காழி: பள்ளிக்கூடத்தில் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டும் ஒன்றரை மாதத்தில் மறுபடி பூச்சி. அப்போது அந்த மாத்திரை எதற்கு?

அதுவும் ஆல்பெண்டசோல்தான். 2015 முதல் 1 வயசிலிருந்து 19 வயசு வரை கொடுக்கிறார்கள். ஆனால் அது குறி வைப்பது உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு மூன்றையும். இரத்தம் குறைந்து பிள்ளை சோர்ந்துபோவது அவற்றால்தான், முக்கியமாகக் கொக்கிப்புழுவால். ஆகவே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கீரிப்பூச்சியும் அன்று சாகும். ஆனால் வீட்டில் மற்றவர்கள் சாப்பிடவில்லை, இரண்டு வாரத்தில் யாரும் மறுபடி கொடுக்கவில்லை, திரும்பி வருகிறது. அந்த இரண்டாம் மாத்திரை உங்கள் பொறுப்பு.

பாபநாசம், மருமகள்: இனிப்பு தின்றால் பூச்சி வரும், முகத்தில் வெள்ளைத் திட்டு வந்தால் பூச்சி, தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி என்கிறார் என் மாமியார். சண்டை வேண்டாம், உண்மை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றிலும் மாமியார் தோற்கிறார். ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள், எங்கள் ஊரிலும் எனக்கு மாமியார்கள் உண்டு. முட்டை வாய்க்குள் போனால்தான் பூச்சி, சர்க்கரையிலிருந்து பூச்சி பிறப்பதில்லை. கன்னத்து வெள்ளைத் திட்டு பெரும்பாலும் தோல் வறட்சி, எண்ணெய் தடவினால் மெதுவாக மறையும். தொட்டால் உணர்ச்சி இல்லாத திட்டு என்றால் மட்டும் உடனே காட்டுங்கள், அது வேறு விஷயம். பல் கடிப்பது பூச்சி இல்லாத பிள்ளைக்கும் உண்டு.

வலங்கைமான்: நடவுக்கு வெறுங்காலோடு வயலில் இறங்குகிற பிள்ளைக்குத்தான் கீரிப்பூச்சி வருகிறதா?

இல்லை. கால் வழியாக ஏறுவது கொக்கிப்புழு. கீரிப்பூச்சி கை, வாய் வழி. வெளியிடத்தில் மலம் கழிக்கிற வரப்பு என்றால் செருப்பு அவசியம்.

ஒரத்தநாடு, 2 மாதக் கர்ப்பிணி: வீட்டில் எல்லாருக்கும் மாத்திரை என்கிறீர்கள். நானுமா?

நீங்கள் வேண்டாம். முதல் மூன்று மாதம் மாத்திரை கிடையாது. நகம், கைகழுவல், காலைக் குளியல் இவற்றை 6 வாரம் விடாமல் செய்யுங்கள், உள்ளே இருக்கிற புழு ஆயுள் முடிந்து போகும். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வேதாரண்யம்: நாய், பூனையிடமிருந்து வருமா?

பேனும் வராது, கீரிப்பூச்சியும் வராது. இரண்டுமே மனிதச் சொத்து.

கும்பகோணம், முதலில் கேட்ட அம்மா: அக்கா, நீங்கள் கேட்டபடி நேற்று என் தலையைப் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்க்கச் சொன்னேன். நான்கு பேன். வெட்கமாகப் போய்விட்டது. மகளுக்கு ஐந்து நாள் முன்னால்தான் மருந்து போட்டேன். அவளுக்கு 9ஆம் நாள் போட்டால் போதுமா?

போதாது. இந்த ஐந்து ராத்திரியும் உங்கள் பக்கத்தில்தானே படுத்தாள்? இன்றைக்கு உங்களுக்கு மருந்து போடுங்கள். மகள் தலையை ஈரத்தோடு சீவிப் பாருங்கள், ஓடுகிற பேன் ஒன்று கிடைத்தாலும் அவளுக்கும் இன்றே. அப்போது இரண்டு பேருக்கும் 9ஆம் நாள் ஒன்றாகிவிடும். கிடைக்காவிட்டால் அவள் கணக்குத் தனி, உங்கள் கணக்குத் தனி, நாள்காட்டியில் இரண்டு வட்டம். அந்தப் பக்கத்து வீட்டு அக்கா தலையையும் நீங்கள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.