ஆழ்துளைக் கிணற்று நீருக்குச் சாஃப்ட்னரா, ஆர்.ஓ.வா?

கேள்வி: பல்லடத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். வாரம் ஒருமுறை ஆற்றுத் தண்ணீர் வருகிறது. மற்றபடி 700 அடி ஆழ்துளைக் கிணற்றின் சப்பைத் தண்ணீர்தான், அதாவது உப்பு மிகுந்த கடின நீர். குழாயெல்லாம் வெள்ளை படிகிறது, இரண்டு ஆண்டுகளில் கீசரை இருமுறை பழுது பார்த்துவிட்டோம். ஒரு விற்பனையாளர் வந்து தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். எங்கள் தண்ணீர் சாக்கடையைப் போல ஆகிவிட்டது. சாஃப்ட்னர், ஆர்.ஓ., ஆல்கலைன் மூன்றும் சேர்த்து 68,000 ரூபாய் கேட்கிறார். என் கணவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு மூன்று மாதம், தாய்ப்பாலோடு புட்டிப்பாலும் கொடுக்கிறோம். ஆய்வறிக்கையை இணைத்துள்ளேன். எதை வாங்குவது?

பதில்: எனக்கு வரும் பத்துக் கடிதங்களில் ஒன்பதில் விற்பனையாளர் சொன்ன எண் மட்டுமே இருக்கும். நீங்கள் முறையான ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை வாங்கியிருக்கிறீர்கள் என்பதால் உங்களுக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது. கரைந்துள்ள மொத்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 1,180 மில்லிகிராம், மொத்தக் கடினத்தன்மை 720, காரத்தன்மை 340, ஃபுளோரைடு 0.8, நைட்ரேட் 118. இத்தனை எண்களையும் அச்சிட்டுவிட்டு, அடியில் 'குடிக்கத் தகுதியற்றது' என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். எந்த எண்ணால் தகுதியற்றது, அதற்கு என்ன செய்யலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் விற்பனையாளரின் பேச்சை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்காது. பணம் கட்டிச் சோதனை செய்பவருக்கு அந்த ஒரு வரியை எழுதிக் கொடுக்க நம் ஆய்வுக்கூடங்களுக்கு இத்தனை ஆண்டுகளாக மனம் வராதது எனக்குத் தீராத வருத்தம்.

முதலில் அந்த மின்சார வித்தையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கடிதத்தில் தெரியும் பயத்தில் பாதி அதிலிருந்து வந்தது. அந்தக் கருவியில் ஒரு கம்பி இரும்பு, மற்றொன்று பெரும்பாலும் அலுமினியம். உப்பு உள்ள நீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பாயும்போது இரும்புக் கம்பியே கரைந்து துருவாகிக் கலங்குகிறது. நீங்கள் பார்த்த கசடு அவர் கொண்டுவந்த கம்பியின் கசடு, உங்கள் கிணற்றின் கசடு அல்ல. ஆர்.ஓ. நீரில் உப்பு குறைவு, அதனால் மின்சாரம் பாய்வதில்லை, நீரும் தெளிவாகவே நிற்கிறது. அவர் மறுபடி வந்தால், அவர் 'சுத்தம்' என்று காட்டும் தம்ளரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள், அதுவும் கலங்கும். விற்பவரே சோதிப்பது சோதனை ஆகாது. எத்தனை நல்லவராகத் தோன்றினாலும், இலவசமாகத் தண்ணீர் பரிசோதித்துத் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

இனி இயந்திரங்களுக்கு வருவோம். சாஃப்ட்னரும் ஆர்.ஓ.வும் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வாங்க முடியாது. கடினத்தன்மை என்பது நீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் அளவு. சாஃப்ட்னரில் உள்ள ரெசின் மணிகள் இவ்விரண்டையும் பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை நீரில் விடுகின்றன. அதனால் சோப்பு நுரைக்கும், கீசரில் வெள்ளை படிவது நின்றுவிடும், முடி சிக்காது. ஆனால் மொத்த உப்பு குறைவதில்லை, நைட்ரேட்டும் ஃபுளோரைடும் அப்படியே இருக்கும். கணக்காகச் சொன்னால், 100 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கும்போது சுமார் 46 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது; உங்கள் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 330 மில்லிகிராம் கூடும். உங்கள் கணவர் சாப்பாட்டில் உப்பைக் குறைத்துக்கொண்டு, சாஃப்ட்னர் நீரை நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால், குறைத்ததில் ஒரு பகுதி தண்ணீர் வழியாகத் திரும்பி வந்துவிடும். ஆகவே சாஃப்ட்னர் குளியலறைக்கும் சலவைக்கும் கீசருக்கும் மட்டும். சமையலறைக் குழாய்க்கு அதன் நீர் நேரடியாகப் போகக் கூடாது.

குழாய் முனையில் மாட்டும் சிறிய சாஃப்ட்னர்களையும் உங்களிடம் காட்டுவார்கள். ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். உங்கள் நீரில் லிட்டருக்கு 0.72 கிராம் இருப்பதால், 70 லிட்டரில், அதாவது நான்கைந்து வாளிகளில் அது நிறைந்துவிடும். பிறகு உப்புக் கரைசல் ஊற்றிப் புதுப்பித்தால்தான் மீண்டும் வேலை செய்யும். தினமும் இதைச் செய்ய யாருக்கும் முடியாது, இரண்டே வாரத்தில் அது வெறும் டப்பாவாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வாங்குவதானால் 25 லிட்டர் ரெசினுக்குக் குறையாததாக, மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பொருத்துவதாக வாங்குங்கள். அது ஒரு சுற்றுக்குச் சுமார் 1,700 லிட்டர் தரும், பிறகு மூன்று நான்கு கிலோ உப்புப் போட வேண்டும். குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டுவது, மின்காந்தக் கருவி மாட்டுவது போன்றவற்றுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். மாட்டுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த கடினத்தன்மை அறிக்கையைக் கேட்டுப் பாருங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

கடின நீரைக் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்று பயமுறுத்தியிருப்பார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது. கால்சியமும் மெக்னீசியமும் உடலுக்கு வேண்டியவையே. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு 200 என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை என்றும் வரம்பு வைத்திருக்கிறது. அதே தரத்தில் டி.டி.எஸ். 500, வேறு வழி இல்லையெனில் 2,000 வரை. உங்கள் டி.டி.எஸ். அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கடினத்தன்மை சற்று மேலே போயிருக்கிறது. காய்ச்சினால் குறையுமா என்றால், காரத்தன்மை அளவான 340 வரைதான் படிந்து விலகும், மீதி 380 எவ்வளவு கொதித்தாலும் போகாது.

உங்கள் அறிக்கையில் என்னைக் கவலைப்பட வைத்த எண் வேறு, அது நைட்ரேட் 118. இதற்குத் தரம் 45, அதற்கு மேல் தளர்வே கிடையாது. டி.டி.எஸ். மீட்டர் நீரின் மின்கடத்தும் திறனை அளந்து மொத்த உப்பை மதிப்பிடுமே தவிர, அதில் எது சமையல் உப்பு, எது நைட்ரேட் என்று பிரித்துச் சொல்லாது. நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பெரியவர்கள் குடித்தால் உடனடியாக ஒன்றும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் நிலை அப்படியல்ல. அந்தக் குழந்தையின் வயிற்றில் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தின் ஆக்ஸிஜன் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும் நோய் இதுதான். தாய்ப்பாலில் இந்த அபாயம் இல்லை, தாய் இதே நீரைக் குடித்தாலும் நைட்ரேட் பாலில் பெரிதாகச் சேர்வதில்லை. புட்டிப்பால் பொடியைக் கலக்கும் நீரில்தான் அபாயம். இங்கே நம் வீட்டுப் பெரியவர்களின் நல்ல பழக்கமே எதிராகப் போகிறது: குழந்தைக்கு என்று நீரை நன்றாகச் சுண்டக் காய்ச்சுகிறோம். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. நான்கில் ஒரு பங்கு நீர் ஆவியானால் உங்கள் 118 என்பது 157 ஆகிவிடும். புற ஊதா விளக்கும் கார்பன் வடிகட்டியும் இதை அகற்றா. நாளையே குழந்தைக்கு ஆபத்து என்று பொருள் கொள்ள வேண்டாம், ஆனால் இன்று முதலே கிணற்று நீரில் பால் கலக்கக் கூடாது. உதடு, நகம், தோலில் நீலமோ சாம்பல் நிறமோ தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். எந்த நீரில் பால் கலந்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். 700 அடி ஆழத்துக் கிணற்றில் நைட்ரேட் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மேல்மட்டத்தில் கிணற்றுத் துளையின் சுவரை மூடும் கேசிங் குழாய் போதிய ஆழம் இறங்காவிட்டால், அருகிலுள்ள கழிவறைக் குழியும் கோழிப்பண்ணை எருக் குவியலும் மழையோடு கசிந்து உள்ளே இறங்கும். உங்கள் பகுதியில் கோழிப்பண்ணைக்குக் குறைவில்லை.

ஆகவே சமையலறைக்கு ஆர்.ஓ. தேவை, காரணம் கடினத்தன்மையோ டி.டி.எஸ்.ஸோ அல்ல, நைட்ரேட். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் குறைந்த இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. நீரை வீணாக்காதே என்ற நோக்கம் சரியானது. ஆனால் அந்த ஒற்றை எண்ணை மக்கள் மனத்தில் பதிய வைத்த பிறகு, டி.டி.எஸ். 400 உள்ள கிணற்றில் நைட்ரேட் 90 இருந்தாலும் 'நல்ல தண்ணீர்' என்று சொல்லிவிடுகிறார்கள். நைட்ரேட்டையும் ஃபுளோரைடையும் கட்டாயம் பார்க்கச் சொல்லாத எந்த விதியும் பாதி விதிதான்.

நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. மெம்பரேன், அதாவது உப்பைத் தடுத்து நீரை விடும் மெல்லிய சவ்வு, உங்கள் 1,180-ஐ 60 அளவுக்குக் கொண்டுவரும். நைட்ரேட்டை மட்டும் அத்தனை திறமையாகத் தடுக்காது. 85 சதவீதம் தடுத்தால் 18 மிச்சமிருக்கும், அது பாதுகாப்பானதே. இதைக் கெடுப்பது 'டி.டி.எஸ். கன்ட்ரோலர்' என்ற சிறு திருகு. அது வடிகட்டாத கிணற்று நீரில் கொஞ்சத்தை எடுத்து, சுத்தமான நீரில் மீண்டும் கலக்கிறது. பொருத்த வருபவர், 'தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது, தாது உப்பு வேண்டும்' என்று சொல்லி அதை 400 வரை திருப்பி வைப்பார். மீட்டரைப் பார்த்தால் 500-க்குள்தான் இருக்கும். ஆனால் பத்துப் பங்கில் மூன்று பங்கு கிணற்று நீர் சேர்ந்திருப்பதால் நைட்ரேட் சுமார் 48-க்கு ஏறி, தரத்தைத் தாண்டிவிடும். பொருத்தும் நாளிலேயே அந்தத் திருகை முழுவதும் மூடச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று மீட்டரில் பாருங்கள். மூட வழியில்லாத இயந்திரத்தை வாங்க வேண்டாம். ஆல்கலைன், காப்பர், மினரல் என்று தனியாகக் கோர்க்கும் குப்பிகளும் வேண்டாம். கால்சியம் ராகியிலும் கீரையிலும் பாலிலும் கிடைக்கிறது.

கடினத்தன்மை 720 உள்ள நீர் மெம்பரேனில் சுண்ணாம்பாகப் படிந்து, இரண்டு ஆண்டு வர வேண்டியதை எட்டு மாதத்தில் முடித்துவிடும். சாஃப்ட்னர் வாங்குகிறீர்கள் என்றால், மென்மையான நீரை ஆர்.ஓ.வுக்குள் விடுங்கள், சேர்ந்த சோடியத்தை மெம்பரேன் பெருமளவு நீக்கிவிடும், உங்கள் கணவர் அந்த நீரைக் குடிக்கலாம். சாஃப்ட்னர் இல்லையென்றால் படிவுத் தடுப்பு மருந்துக் குப்பி உள்ள இயந்திரமாகப் பாருங்கள். 'நீர் சேமிப்பு மாடல்' என்று 60 சதவீத நீரையும் குடிநீராகப் பிழிந்தெடுக்கும் வகை, முன்னால் சாஃப்ட்னர் இல்லாத வீட்டில் வேண்டாம். எவ்வளவு பிழிகிறதோ அவ்வளவு கெட்டியான உப்பு மெம்பரேன் மேல் நிற்கும். சாதாரண இயந்திரம் ஒரு லிட்டருக்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக விடும். அதை வாளியில் பிடித்து வீடு துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்துங்கள். தொட்டிச் செடிகளுக்கு ஊற்றாதீர்கள்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து எல்லாவற்றையும் மாற்றுவார்கள். டி.டி.எஸ். மீட்டருக்கு உண்மையான பயன் இங்கேதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை உள்ளே போகும் நீரையும் வெளியே வரும் நீரையும் அளந்து, நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முன்னால் சாஃப்ட்னர் இருந்தாலும் இந்த ஒப்பீட்டில் மாற்றமில்லை. வெளியே வருவது 120-ஐத் தாண்டாதவரை மெம்பரேன் நன்றாக இருக்கிறது, மாற்ற விடாதீர்கள். 150 ஆகிவிட்டால் ஒப்பந்தக்காரர் 'இன்னும் ஆறு மாதம் ஓடும்' என்றாலும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய மெம்பரேனை அவரிடம் கொடுத்தனுப்பாமல் வாங்கி, உடைத்துப் போடுங்கள்.

68,000 ரூபாய்த் தொகுப்பை விட்டுவிடுங்கள். முதலில் சமையலறைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஓர் ஆர்.ஓ. போதும். சாஃப்ட்னரை இரண்டு மாதம் கழித்துத் தனியாக, வேறு கடையில் விலை கேட்டு வாங்கலாம். கீசர் இரண்டு மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது. ஆர்.ஓ. பொருத்திய ஒரு வாரத்தில், அதிலிருந்து வரும் நீரைச் சுத்தமான கேனில், அதே நீரால் மூன்று முறை அலசிவிட்டுப் பிடித்து, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்து நைட்ரேட்டை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறிக்கையில் 45-க்குக் கீழே என்று கண்ணால் பார்க்கும்வரை, குழந்தையின் பாலுக்கு வாரம் ஒருமுறை வரும் ஆற்றுத் தண்ணீரை மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் தனியாகப் பிடித்து வைத்து, ஒரு கொதி வந்ததும் இறக்கி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.