சட்டையில் யார் பெயரைப் போடுவது?

அன்புள்ள அண்ணா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2012 மே மாதம் ம்யூனிக்கில் 88-ஆவது நிமிடத்தில் ட்ரோக்பா தலையால் முட்டிய கோலை ஹாஸ்டல் டிவியில் பார்த்தேன். அந்த இரவிலிருந்து லண்டன் கால்பந்து கிளப் செல்சியின் ரசிகன்.

பையனுக்குப் பத்து வயது. 2022-இல் அவன் பிறந்தநாளுக்கு எங்கள் சாம்பிள் செக்‌ஷனிலேயே நீலச் சட்டை தைத்து, 'மவுண்ட் 19' என்று ஹீட் டிரான்ஸ்ஃபர் அடித்துக் கொடுத்தேன். அடுத்த ஜூலையில் மவுண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றார்கள். சரி என்று 'கேலகர் 23' அடித்தேன். மறு ஆகஸ்டில் அவரும் போய்விட்டார். இந்த வருஷம் கேட்டதற்குப் பையன், "பேர் வேண்டாம்பா. நம்பரும் வேண்டாம்" என்கிறான்.

இந்தக் காலத்து ஆட்டக்காரர்களுக்கு விசுவாசம் என்பதே கிடையாதா? பணம் எங்கே அதிகமோ அங்கே ஓடுகிறார்கள். டெர்ரியும் லாம்பார்டும் ஆடிய காலத்தில், அப்ரமோவிச் முதலாளியாக இருந்தபோது, இப்படியா இருந்தது? பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரென்று போனில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆஃபீசில் ஓர் ஆர்சனல் ரசிகர், "உங்க டீம் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைக் கொஞ்சம் காட்டுங்க" என்கிறார். பதினான்கு வருஷப் பழக்கத்தை விட்டுவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
க., திருப்பூர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கோபம் சரியானது, ஆனால் தப்பான ஆள் மேல் பாய்கிறது. கேலகர் எங்கும் ஓடவில்லை. அவரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்கள்.

2023-24 சீசனை நினைத்துப் பாருங்கள். கேப்டன் ரீஸ் ஜேம்ஸ் காயத்தில் கிடக்க, பெரும்பாலான ஆட்டங்களில் கைப்பட்டி கட்டி இறங்கியவர் கேலகர்தான். செல்சியின் சிறுவர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்த பையன். 2024 ஆகஸ்டில் அவரை அட்லெடிகோ மாட்ரிட்டுக்கு விற்பதென்று முடிவாகி, மாட்ரிட் போய் மருத்துவப் பரிசோதனையும் முடித்துவிட்டார். அங்கிருந்து செல்சிக்கு வரவேண்டிய இன்னோர் ஆட்டக்காரரின் பேரம் கடைசி நேரத்தில் முறிந்ததால் இவருடைய பேரமும் நின்றது. பெட்டியோடு லண்டன் திரும்பினார். முந்தின சீசன் கேப்டன், இப்போது முதல் அணியோடு சேராமல் தனியாகப் பயிற்சி. கடைசியில் ஜோவாவ் ஃபெலிக்ஸ் அங்கிருந்து இங்கே வர, இவர் இங்கிருந்து அங்கே போனார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்களே, அங்கேகூட மாட்டை இவ்வளவு அலைக்கழிக்க மாட்டார்கள்.

மவுண்ட் விஷயம் கொஞ்சம் வேறு. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருஷம் பாக்கி, நீட்டிப்புப் பேச்சு ஒத்துவரவில்லை, இரண்டு பக்கமும் பிடிவாதம். ஆறு வயதில் அகாடமிக்குள் நுழைந்தவர், 2021-இல் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஹாவர்ட்ஸின் கோலுக்குப் பந்தைத் திறந்து கொடுத்தவர், தொடர்ந்து இரண்டு வருஷம் கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர். 5.5 கோடி பவுண்டும் மேற்கொண்டு கொஞ்சமும் தருகிறோம் என்று எதிராளி வந்ததும் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் பையனுக்கு அடித்துக் கொடுத்த இரண்டு பெயருமே அகாடமிப் பிள்ளைகள் என்பதைக் கவனித்தீர்களா? அது தற்செயல் இல்லை. வீட்டுப் பிள்ளை மேல்தானே நமக்குப் பாசம். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் விலை போகிறார்கள். ஏன் என்று தெரிந்துகொள்ள மைதானத்தை விட்டுக் கணக்குப்பிள்ளையின் மேசைக்குப் போகவேண்டும்.

என்ஸோ பெர்னாண்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரி கடைசி நாளில் பென்ஃபிகாவிடமிருந்து 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். ஒப்பந்தம் எட்டரை வருஷம். ரசிகன் இதைப் பார்த்து, ஆஹா, 2031 வரை நம்மோடு இருக்கப்போகிறார் என்று மகிழ்ந்துபோவான். நானும் மகிழ்ந்தேன். அந்த எட்டரை வருஷம் அவர் தங்குவதற்காகப் போட்டது மட்டுமல்ல, விலையை வகுப்பதற்காகவும் போட்டது. வாங்கிய தொகையை ஒப்பந்த வருஷங்களால் வகுத்து, வருஷத்துக்கு இவ்வளவு என்றுதான் செலவுக் கணக்கில் எழுதுவார்கள். ஐந்து வருஷம் என்றால் ஆண்டுக்கு 2.1 கோடிக்கு மேல் வரும், எட்டரை வருஷம் என்றால் சுமார் 1.25 கோடி. மூன்று வருஷத்தில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டக்கூடாது என்று இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் விதி இருந்தபோது இந்த வித்தியாசம் சும்மா விஷயமா? ஓட்டை பெரிதாகிறது என்று பார்த்து, எவ்வளவு நீள ஒப்பந்தம் போட்டாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் வகுக்கக்கூடாது என்று 2023-இல் முதலில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவும், வருஷக் கடைசியில் பிரீமியர் லீகும் கதவைச் சாத்தின.

இப்போது அகாடமிப் பையனுக்கு வருவோம். தேங்காயைக் கடையில் வாங்கி விற்றால் வாங்கிய விலை போகத்தான் லாபம். கொல்லைத் தென்னையில் காய்த்ததை விற்றால் வந்த காசு முழுக்க லாபம். தண்ணீர் ஊற்றி வளர்த்த செலவு? அதையும் அந்த விதியே தள்ளுபடி செய்தது, இளம் வீரர்களை வளர்க்கும் செலவு நஷ்டக் கணக்கில் சேரவில்லை. ஆக, என்ஸோவை இன்று விற்றால் கணக்கில் இன்னும் தீராத பாக்கியைக் கழிக்க வேண்டும். கேலகரை விற்றால் கழிக்க எதுவும் இல்லை. ஜூன் 30-இல் கணக்கு முடிகிறது, பள்ளம் இருக்கிறது என்றால் கை முதலில் எந்தப் பக்கம் போகும் சொல்லுங்கள்.

இது செல்சியின் குணக்கேடு மட்டும் இல்லை. 2024 ஜூன் கடைசியில் ஆஸ்டன் வில்லா செல்சியின் அகாடமிப் பையன் மாட்சனை வாங்கியது, செல்சி வில்லாவின் இளைஞர் அணிப் பையன் கெல்லிமனை வாங்கியது. இரண்டு வீட்டுக் கணக்கிலும் லாபம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் ஒருவர் தேங்காயை ஒருவர் வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒரு வியாபாரம் ஆனதாக எழுதிக்கொள்வதுபோல. பையன்கள் தீர்ந்த இடத்தில் கட்டடம். மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களைத் தன் குழும நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது செல்சி, அப்புறம் பெண்கள் அணியையும் தாய் நிறுவனத்துக்கே விற்றது. அப்போதைய பிரீமியர் லீக் விதிப்படி அதெல்லாம் செல்லுபடியாயிற்று. யூஇஎஃப்ஏ ஒத்துக்கொள்ளவில்லை, 2025 ஜூலையில் 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது.

அப்ரமோவிச் காலத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அங்கே எனக்குப் பாதி உடன்பாடு, பாதி சண்டை.

உடன்பாட்டை ஒரு சின்னக் கணக்கால் சொல்கிறேன். 2008-இல் மாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, 2012-இல் நீங்கள் ஹாஸ்டலில் பார்த்த ம்யூனிக் இறுதி. நான்கு வருஷ இடைவெளி. இரண்டிலும் தொடக்கத்திலேயே இறங்கியவர்கள் செக், ஆஷ்லி கோல், லாம்பார்ட், ட்ரோக்பா என்று நான்கு பேர். டெர்ரி தடையில் இல்லாமல் இருந்திருந்தால் ஐந்து. இப்போது 2021 போர்ட்டோ இறுதியையும் 2025 ஜூலையில் நியூஜெர்சியில் பாரிஸ் கிளப் பிஎஸ்ஜியை 3-0 என்று அடித்த கிளப் உலகக் கோப்பை இறுதியையும் வையுங்கள். அதே நான்கு வருஷம். இரண்டிலும் தொடங்கியவர் ரீஸ் ஜேம்ஸ் ஒருவர்தான்.

இதில் வேடிக்கை, 2008-க்கும் 2012-க்கும் நடுவில் மேனேஜர்கள் ஒன்றும் நிலைத்து நிற்கவில்லை. கிராண்ட், ஸ்கோலாரி, ஹிட்டிங்க், அன்செலோட்டி, வியாஸ்-போவாஸ், டி மாட்டியோ என்று வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். கோப்பையைத் தூக்கிக் கொடுத்த டி மாட்டியோவையே ஆறு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார் அப்ரமோவிச். மேஸ்திரி மாறிக்கொண்டே இருந்தார், கொத்தனார்கள் மாறவில்லை. புதிதாக வந்தவன் யாரிடம் கேட்டு வேலை பழகுவது என்றால் டெர்ரி இருந்தார், செக் இருந்தார். 508 ஆட்டம் ஆடிய அஸ்பிலிகுவேட்டா 2023-இல் கிளம்பியதோடு அந்தத் தொடர்ச்சி அறுந்தது. அதே கோடையில் மவுண்ட், ஹாவர்ட்ஸ், கான்டே, மென்டி, கோவாசிச், புலிசிக், லாஃப்டஸ்-சீக், குலிபாலி எல்லோரும் போனார்கள். கல்யாண மண்டபத்தைக் காலிசெய்வதுபோல ஒரு கோடை.

சண்டை எங்கே என்றால், அந்தக் காலத்திலும் ஆட்களை வாங்கிக் குவிக்கத்தான் செய்தார்கள், நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். லூகாஸ் பியாசோன் என்று ஒரு பிரேசில் பையன். நினைவிருக்கிறதா? இருக்காது. ஒன்பது வருஷத்துக்கு மேல் செல்சியின் சம்பளப் பட்டியலில் இருந்தார். செல்சிக்காக ஆடியது மூன்றே ஆட்டம். மற்ற நாட்களெல்லாம் மாலகா, விட்டெஸ், ஃப்ராங்க்ஃபர்ட், ரெடிங், ஃபுல்ஹாம் என்று வேறு கிளப்புகளுக்கு இரவலாக, லோனில், ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். வாசலில் கோலம் அழகாக இருந்ததால் கொல்லைப்புறத்தை நாம் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைய முதலாளிகள் கொல்லைப்புறத்தையே வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இன்னும் பழைய காலத்து விசுவாசம் என்று யாராவது பேசினால் எனக்குச் சந்தேகம்தான் வரும். 1960-கள் வரை இங்கிலாந்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனைக் கிளப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். அவன் வேறு இடத்தில் ஆட முடியாது. நியூகாசிலை எதிர்த்து ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நீதிமன்றம் போய், 1963-இல்தான் அது நியாயமில்லை என்று தீர்ப்பு வாங்கினார். வாரச் சம்பளத்துக்கே 20 பவுண்டு உச்சவரம்பு இருந்தது, 1961-இல் எடுத்தார்கள். அதே 1961-இல் செல்சி என்ன செய்தது தெரியுமா? ஒரே சீசனில் லீகில் 41 கோல் அடித்த தன் சொந்தப் பையன் ஜிம்மி கிரீவ்ஸை மிலானுக்கு விற்றது. ஆகவே தங்கினவர்களில் எத்தனை பேர் பாசத்தால் தங்கினார்கள், எத்தனை பேர் வேறு வழியில்லாமல் தங்கினார்கள் என்று பிரிக்க முடியாது.

வெளிநாட்டுக்காரர்கள் வந்ததால்தான் கெட்டது என்று உங்கள் ஆர்சனல் நண்பர் சொன்னால் அதையும் நம்பாதீர்கள். 1999 டிசம்பர் 26 அன்று சவுத்தாம்ப்டனில் செல்சி இறக்கிய பதினோரு பேரில் ஒருவர்கூட பிரிட்டிஷ்காரர் இல்லை. ஆங்கில லீகில் அப்படி நடந்தது அதுவே முதல் தடவை. அந்தப் பதினொன்றில் ஒருவர் இத்தாலிக்காரர் டி மாட்டியோ. பன்னிரண்டு வருஷம் கழித்து ம்யூனிக்கில் உங்களுக்கு அந்த இரவைக் கொடுத்தவரும் அவர்தான். எங்கிருந்து வந்தான் என்பது ரசிகனுக்குப் பெரிய விஷயமே இல்லை. பெயர் வாயில் படிகிற அளவுக்கு இருந்தானா என்பதுதான் விஷயம்.

சரி, இத்தனை கலைத்தும் கிளப் உலகக் கோப்பை வந்ததே என்று முதலாளிகள் கேட்பார்கள். வந்தது, மறுக்கவில்லை. பால்மர் ஒரு புதையல், மான்செஸ்டர் சிட்டி 4 கோடியை ஒட்டிய விலைக்கு விட்டுக்கொடுத்தது இன்னும் எனக்குப் புரியவில்லை. ஜோவாவ் பெத்ரோ 2025 ஜூலை தொடக்கத்தில் அமெரிக்காவில் போட்டித் தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே சேர்ந்தார், தன்னை வளர்த்த ஃப்ளுமினென்ஸுக்கு எதிராக அரையிறுதியில் இரண்டு, இறுதியில் ஒன்று அடித்தார். வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. அந்த மூன்றாவது கோலுக்கு நள்ளிரவு தாண்டி நான் எழுந்து குதித்தேன், வீட்டில் திட்டு விழுந்தது. அதே தொடரின் நடுவில் மடுவேகே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆர்சனலுக்குப் போனார். ஒரே முகாமில் ஒருவர் வருகிறார், ஒருவர் போகிறார். கோப்பையோடு எடுத்த படத்தில் இருப்பவர்களை உங்கள் பையன் எத்தனை வருஷம் நினைவு வைத்திருப்பான் என்பதுதான் என் கவலை. உங்களுக்கு 2012 அணி முழுசாக ஒப்பிக்க வரும், பந்தயம் கட்டுகிறேன். அன்று இறங்கிய பெர்ட்ராண்டையும் சேர்த்து.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். நீங்களாக விட முடியாது, அது உங்களுக்கே தெரியும். ஆனால் ஒவ்வொரு ஜனவரியும் ஆகஸ்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டு யார் வருகிறார், யார் போகிறார் என்று விடிய விடிய பார்ப்பதை விட்டுவிடுங்கள். நான் விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஆட்களை வாங்கி விற்கும் ஜன்னல் மூடிய பிறகு ஒரே தடவை பட்டியலைப் பார்க்கிறேன். வயிற்றெரிச்சல் பாதி குறைந்திருக்கிறது.

அப்புறம் பையனின் சட்டை. சலோபா என்று ஒரு டிஃபென்டர், அவரும் அகாடமிதான், எட்டு வயதிலிருந்து அங்கே. 2024 கோடையில் அவரையும் விற்கப் பார்த்தார்கள். அமெரிக்கப் பயணத்துக்கு அழைத்துப் போகவில்லை. அவருடைய 14-ஆம் எண்ணை, கேலகருக்கு மாற்றாக வந்தாரே ஃபெலிக்ஸ், அவருக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். சலோபா கிரிஸ்டல் பேலஸுக்கு லோனில் போனார். ஜனவரியில் இங்கே டிஃபென்டர்கள் வரிசையாகக் காயம் பட்டுப் படுத்ததும் திரும்பக் கூப்பிட்டார்கள். மனிதர் முகம் சுளிக்காமல் வந்தார், ஜூலையில் கிளப் உலகக் கோப்பை இறுதியில் தொடக்கத்திலிருந்து ஆடினார். ஃபெலிக்ஸ் பிப்ரவரியிலேயே மிலானுக்கு லோனில் கிளம்பியிருந்தார்.

திரும்பி வந்த சலோபாவுக்குக் கொடுத்த எண் 23.

உங்கள் பையனிடம் ஏற்கெனவே ஒரு 23 இருக்கிறது. மேலே இருக்கும் 'கேலகர்' எழுத்தை மட்டும் சூடு காட்டி உரித்துவிடுங்கள், திருப்பூர்க்காரருக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணைத் தொடவேண்டாம். புதுப் பெயரை அடிப்பதற்கு முன்னால் மட்டும், எதற்கும் ஒரு தடவை, அவரை விற்றுவிட்டார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்