சத்தியம் செய்து சொன்னால் உண்மையாகிவிடுமா?

கேள்வி: முன்னாள் உளவு அதிகாரி டேவிட் குரூஷ், 2023 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சத்தியம் செய்து, மனிதர் அல்லாத யாரோ செய்த வாகனங்கள் அரசிடம் இருப்பதாகச் சொன்னார். பொய் என்றால் சிறை. அப்படியிருக்க, ஏன் இன்னும் சந்தேகம்?

பதில்: பொய்ச்சாட்சி வழக்கு நிற்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தே சொன்னார் என்று நிரூபிக்க வேண்டும். தவறான ஒன்றை மனதார நம்பிச் சொன்னவரை அந்தச் சட்டம் தொடாது. குரூஷ் அந்த வாகனங்களை நேரில் பார்த்ததாகச் சொல்லவே இல்லை. நான்கு ஆண்டுகளில் 40-க்கும் மேற்பட்டவர்களை விசாரித்ததாகவும், அவர்கள் சொன்னதை வைத்துப் பேசுவதாகவும்தான் சொன்னார். அதே மேசையில் அமர்ந்திருந்த விமானி டேவிட் ஃபிரேவர், 2004 நவம்பரில் நிமிட்ஸ் என்ற விமானம் தாங்கிக் கப்பலிலிருந்து பறந்தபோது, அடையாளம் தெரியாத ஒரு பறக்கும் பொருளைத் தன் கண்ணால் கண்டதைச் சொன்னார். இரண்டும் ஒரே தராசில் வைக்கக் கூடியவை அல்ல. சாட்சியத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ‘கண்டது’, ‘கேட்டது’ என்று குறித்துக்கொண்டே போங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விஷயங்கள் இன்னும் இரண்டு. குரூஷ் பொதுவெளியில் பேசுவதற்கு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் முன்வெளியீட்டுப் பரிசீலனை அலுவலகம் அனுமதி கொடுத்தது. ரகசியத் தகவல் எதுவும் அதில் வெளிப்படவில்லை என்பதுதான் அந்த அனுமதியின் பொருள். சொன்னது உண்மை என்று யாரும் சான்று தரவில்லை. அடுத்தது, உளவுத்துறை இன்ஸ்பெக்டர் ஜெனரலிடம் (உளவு அமைப்புகளைக் கண்காணிக்கும் அதிகாரி, போலீஸ் அல்ல) அவர் கொடுத்த புகார். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் நம்பத்தக்கதாகத் தோன்றுகிறதா என்று இன்ஸ்பெக்டர் ஜெனரல் 14 நாளில் முடிவு செய்ய வேண்டும். பிறகு 7 நாளில் அது நாடாளுமன்ற உளவுக் குழுக்களுக்குப் போக வேண்டும். அங்கே ‘நம்பத்தக்கது’ என்பது மேலே அனுப்பத் தகுந்தது என்ற அளவில்தான். தீர்ப்பு அல்ல.

அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களைப் பற்றிய தகவல்களை ஆராய 2022-ல் பென்டகன் அமைத்த ஆரோ அலுவலகம், 2024 மார்ச்சில் தன் வரலாற்று அறிக்கையை வெளியிட்டது. மனிதர் அல்லாதவர்களின் வாகனங்களை அரசு ரகசியமாக வைத்திருக்கும் திட்டம் இருந்ததற்கு ஆதாரம் இல்லை, ஒரு சிறு வட்டத்தினர் ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொன்னதே பெரும்பாலும் காரணம் என்றது. பென்டகனைப் பற்றி பென்டகனே எழுதிய அறிக்கைதானே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அதை மறுக்க ஓர் ஆவணமோ ஒரு துண்டு உலோகமோ வேண்டும். இதுவரை பொதுவெளிக்கு எதுவும் வரவில்லை.

கேள்வி: ஒன்றுமே இல்லை என்றால், அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்களின் வீடியோக்களை ஏன் பூட்டி வைக்க வேண்டும்?

பதில்: பெரும்பாலும் ரகசியம் கேமராவில்தான் இருக்கிறது, படத்தில் தெரியும் பொருளில் அல்ல. 2020 ஏப்ரலில் பென்டகன் அதிகாரபூர்வமாக வெளியிட்ட ‘கோ ஃபாஸ்ட்’ வீடியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டி ஏதோ ஒன்று சீறிப் பாய்வதுபோல் தெரியும். திரையில் உள்ள எண்களைப் பாருங்கள்: படம் பிடித்த விமானத்தின் உயரம் சுமார் 25,000 அடி, பொருளின் தூரம் 4.4 கடல் மைல், கேமரா கீழ்நோக்கிச் சாய்ந்த கோணம் 26 டிகிரி. 4.4 கடல் மைல் என்பது ஏறக்குறைய 26,700 அடி. அதை 26 டிகிரியின் சைன் மதிப்பான 0.44-ஆல் பெருக்கினால் சுமார் 11,700 அடி. 25,000-த்தில் கழித்தால், பொருள் இருப்பது 13,000 அடிக்குச் சற்று மேலே. கடலை ஒட்டி இல்லவே இல்லை. சற்று நேரம் கழித்து வரும் 3.4 கடல் மைல், 35 டிகிரி என்ற எண்களைப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே உயரம்தான் வரும். வேகமாக ஓடுவது விமானம். அதனால் பின்னணிக் கடல் ஓடுகிறது. நாசாவின் ஆய்வுக்குழு 2023-ல் கணக்கிட்ட வேகம் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர், காற்றோடு மிதக்கும் பொருளுக்கு உரியது.

நாம் இவ்வளவு கணக்குப் போட முடிந்தால், எதிரி நாட்டுப் பொறியாளர் அந்த சென்சாரின் எட்டும் தூரத்தையும் துல்லியத்தையும் கணித்துவிட முடியும். அந்த அச்சம் உண்மையானது. ஆனால் எண்களை மறைத்துவிட்டு வெளியிடக்கூடிய காட்சிகளையும் சேர்த்துப் பூட்டுவதுதான் வதந்திக்குத் தீனி போடுகிறது. அதில் எனக்குச் சமாதானமே இல்லை.

கேள்வி: நாடாளுமன்ற உறுப்பினருக்கே தெரியாமல் ஒரு திட்டம் நடக்க முடியுமா?

பதில்: முடியும், சட்டப்படியே. பாதுகாப்புத் துறையின் ‘தனி அணுகல்’ திட்டங்களில் (தனி அனுமதி பெற்ற சிலர் மட்டுமே அறியக்கூடிய ரகசியத் திட்டங்கள்), வழக்கமான அறிக்கையிலிருந்து விலக்குப் பெற்ற ஒரு வகை உண்டு. அதன் விவரம் இரு அவைகளின் பாதுகாப்பு, நிதி ஒதுக்கீட்டுக் குழுக்களில் தலைவருக்கும் எதிர்த்தரப்பு மூத்த உறுப்பினருக்கும் மட்டும் சொல்லப்படும். குரூஷை விசாரித்த மேற்பார்வைக் குழு அதில் சேராது.

கேள்வி: அமெரிக்கர் அல்லாத நான் ஆவணம் கேட்க முடியுமா?

பதில்: தாராளமாக. அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டம் குடியுரிமை கேட்பதில்லை; உளவு அமைப்புகள் வெளிநாட்டு அரசுகளுக்கும் அவற்றின் பிரதிநிதிகளுக்கும் மட்டும்தான் கதவை மூடும். முதலில் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். 12,618 புகார்களைப் பதிவு செய்து, 701-ஐ விளக்க முடியாமல் விட்ட, பறக்கும் தட்டுப் புகார்களை ஆராய்ந்த அமெரிக்க விமானப்படையின் புளூ புக் திட்டத்தின் கோப்புகள் ஏற்கெனவே அங்கே இருக்கின்றன.

விண்ணப்பத்தில் ‘பறக்கும் தட்டு பற்றிய எல்லாம்’ என்று எழுதினால் தேட முடியாத அளவுக்கு விரிவானது என்று திரும்பி வரும். அமைப்பின் பெயர், தேதி வரம்பு, எந்த வகை ஆவணம் என்று குறுக்குங்கள். எவ்வளவு கட்டணம் வரை தருவீர்கள் என்பதையும் எழுதுங்கள். சொந்த ஆர்வத்துக்காகக் கேட்பவருக்கு முதல் 2 மணி நேரத் தேடலும் 100 பக்கமும் இலவசம். 20 வேலை நாளில் பதில் வர வேண்டும், நடைமுறையில் மிகவும் தாமதமாகும். ‘இருப்பதை உறுதிசெய்யவும் மாட்டோம், மறுக்கவும் மாட்டோம்’ என்ற பதில் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் உண்டு. அதில் இரண்டைத் தவறாமல் கேளுங்கள்: எந்த விலக்குப் பிரிவில் மறுத்தீர்கள், மறைக்க வேண்டிய வரிகளை நீக்கிவிட்டு மீதியை ஏன் தரவில்லை. பிரித்துத் தரக்கூடிய பகுதியைத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.