பொத்தான்களை மறைத்து நின்ற ஆள்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன்பு எங்கள் புளோக் மின்தூக்கியில் ஓர் ஆள் பொத்தான்களை மறைத்து நின்றுகொண்டு அவளைத் தகாத இடத்தில் தொட்டிருக்கிறான். அன்றிலிருந்து ஒன்பது மாடியும் படியேறித்தான் வருகிறாள். வயிற்றுவலி என்று சொல்லி அடிக்கடி பள்ளிக்குப் போவதில்லை. “பெண் பிள்ளை விஷயம், மூடி வை” என்கிறார் மாமியார். என் தங்கையோ ஃபேஸ்புக்கில் போடலாம் என்கிறாள். என்ன செய்வது? – ஒரு தாய், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: இருவர் பேச்சையும் கேட்காதீர்கள் அம்மா. இன்றே மகளை அழைத்துப்போய்ப் போலிஸில் புகார் கொடுங்கள். இங்கே குற்ற வழக்குக்குக் காலக்கெடு இல்லை. ஆனால் கேமரா பதிவுகள் நமக்காகக் காத்திருக்காது. மின்தூக்கித் தளத்தில் போலிஸ் கேமரா இருக்கும். பழைய பதிவு அழிவதற்குள் அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய “பொத்தான்களை மறைத்து” என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. 14 வயது நிரம்பாதவரை மானபங்கம் செய்தாலே 5 ஆண்டுவரை சிறை, அபராதம், பிரம்படி உண்டு. அதற்காக அவளை வெளியேற விடாமல் தடுத்திருந்தால் தண்டனைச் சட்டத்தின் 354ஏ பிரிவு வரக்கூடும். அப்படித் தடுத்தது மின்தூக்கியில் என்றாலோ பிள்ளை 14 வயதுக்குக் கீழ் என்றாலோ, குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, கூடவே பிரம்படி. மின்தூக்கி என்று சட்டமே தனியாக எழுதி வைத்திருக்கிறது. அடுக்குமாடி ஊரின் சட்டம்! எந்தப் பிரிவு என்பதை அரசுத் தரப்பு முடிவு செய்யட்டும். ஆள் எங்கே நின்றான், கதவு எப்போது திறந்தது என்பதை அவள் சொல்ல மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அதற்காக வீட்டில் உட்காரவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவளுக்கும் ரணம். சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் கொண்டாட்டம்.

பள்ளிக்குப் போகாததை அடமாக எண்ணித் திட்டிவிடாதீர்கள். படியேறுவது, வயிற்றுவலி, தூக்கமின்மை, மதிப்பெண் சரிவு எல்லாம் அந்தக் குற்றத்தின் விளைவுகள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். வகுப்பாசிரியருக்கு முழுக் கதையும் தெரிய வேண்டியதில்லை. தண்டனை விதிக்கும்போது, குற்றத்தால் அவள் பட்டதைச் சொல்லும் பாதிப்பு அறிக்கையை நீதிமன்றம் பார்க்கும். அப்போது இந்த நோட்டும் ஆலோசகரின் குறிப்பும் பேசும்.

மாமியாரின் பயத்துக்கும் பதில் உண்டு. 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம். சித்திக்கும் விலக்கில்லை! புளோக் எண்ணோடு அவன் படத்தைப் போட்டாலே அக்கம்பக்கத்தார் உங்கள் மகளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அவள் சாட்சி சொல்லவே தேவையிராது. மறுத்தாலும் மூடிய அறையில், திரைக்குப் பின்னாலிருந்தோ காணொளி வழியாகவோ சொல்ல ஏற்பாடு கேட்கலாம். வழக்கை அரசே நடத்தும், உங்களுக்கு வக்கீல் செலவு இல்லை. தீர்ப்பில் அவன் குற்றவாளி என்றானால், இழப்பீடு கொடுக்கச் சொல்வதா என்று நீதிபதி யோசித்தே ஆகவேண்டும். மருத்துவர், மனநல ஆலோசனை ரசீதுகளை அந்த நோட்டுக்குள்ளேயே செருகி வையுங்கள்.