வாசகர் கேள்வி – பதில்: தருமபுரின்னா ஒகேனக்கல் மட்டும்தானா?

கேள்வி: எங்கள் வீட்டில் தருமபுரி என்றாலே ஒகேனக்கல், பரிசல், மீன் வறுவல், அப்புறம் வீடு. மகன் ஒன்பதாம் வகுப்பு, கதை கவிதை என்று விரும்பிப் படிக்கிறவன். அவனோடு ஒரு நாள் ஊருக்குள்ளேயே சுற்றிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா? (ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: நிறையவே இருக்கிறது அம்மா. கிளம்புவதற்கு முன் புறநானூற்றில் 232-ஆம் பாட்டை மட்டும் அவனைப் படிக்கச் சொல்லுங்கள், ஆறே வரிதான். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்த பிறகு ஔவையார் பாடியது. நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும், இந்தப் பாட்டு அந்த அளவுக்குத் தெரியாது. அதியமானுக்குக் கல் நட்டு, மயில்பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள் ஊற்றிப் படைக்கிறார்கள். மலையோடு சேர்த்து ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று கேட்கிறார் ஔவை. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

பாட்டைப் படித்த கையோடு தருமபுரி அகழ்வைப்பகத்துக்குக் கூட்டிப் போங்கள். நம்ம மாவட்டத்துக் காடு மேடெல்லாம் கிடந்த நடுகற்கள் அங்கே இருக்கின்றன. அவை சங்க காலத்துக் கற்கள் இல்லை, பல்லவர் காலமும் அதற்குப் பிந்தியவையும்தான், ஆனால் வழக்கம் அதே வழக்கம். ஒவ்வொரு கல்லாக நின்று பாருங்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள், கால் எட்டி வைத்து ஒரு ஆள். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருப்பது கூடத் தெரியும். பழைய கற்களில் வட்டெழுத்தில் இன்ன அரசனுக்கு இன்ன ஆண்டில், இன்னாருடைய ஆள் தொறு மீட்டுப் பட்டான் என்று எழுதியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. மாட்டை மீட்கப் போய்ச் செத்த சாதாரண ஆளுக்கும் பேரும் கல்லும் கிடைத்திருக்கிறது. ராஜாக்கள் கட்டிய கோயிலை விட இந்தக் கற்கள்தான் பெரிய விஷயம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அப்புறம் கோட்டைக் கோயில். மல்லிகார்ஜுனேசுவரர், பக்கத்திலேயே காமாட்சி அம்மன். தருமபுரியை நுளம்பர்கள் ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கலை இங்கேதான் பார்க்கக் கிடைக்கும். தொங்கும் தூண் என்று தரையில் ஒட்டாமல் நிற்கும் தூணைக் காட்டுவார்கள், அடியில் துணியை விட்டு இழுத்துப் பார்ப்பவர்கள் உண்டு. பையனுக்கு அது பிடிக்கும், சரி. ஆனால் அதோடு திரும்பிவிடாமல் அம்மன் கோயிலின் அடிப்பகுதியைச் சுற்றி வரச் சொல்லுங்கள், ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால்தான் உருவங்கள் எடுப்பாகத் தெரியும்.

நேரம் இருந்தால் சேலம் சாலையில் அதியமான்கோட்டை. தேய்பிறை அஷ்டமிக்குக் காலபைரவர் கோயிலுக்கு அவ்வளவு கூட்டம் வருகிறது, அதே ஊரில் உள்ள சென்னராயப் பெருமாள் கோயிலுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அங்கே மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். ராமாயண, பாரதக் கதைகளை வண்ணத்தில் தீட்டிய பழைய ஓவியங்கள். மங்கிக்கொண்டே வருகின்றன, அதனால் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், சுவரில் கை வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: அதியமானைப் பற்றி எதைப் படிக்கலாம்? (கல்லூரி மாணவர், பாலக்கோடு)

பதில்: முதலில் மூலத்தையே படியுங்கள் தம்பி. புறநானூற்றில் 87 முதல் 104 வரை வரிசையாக ஔவையார் பாட்டுதான், நல்ல உரையோடு உள்ள பதிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும் என்றால் பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து, தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடியது. அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று தனி நூலே இருந்தது, இன்று சில பாடல்கள்தான் மிச்சம். அந்த இழப்பை நினைத்தால் இப்போதும் மனசு ஆறாது.

இதெல்லாம் வெறும் புலவர் கற்பனை என்று யாராவது சொன்னால் ஜம்பைக் கல்வெட்டைச் சொல்லுங்கள். திருக்கோவிலூர் பக்கம் 1981-இல் கண்டுபிடித்தார்கள், ‘அதியன் நெடுமான் அஞ்சி’ கொடுத்த பாளி (குகை உறைவிடம்) என்று தமிழ் பிராமி என்ற பழைய எழுத்தில் பேரோடு வெட்டியிருக்கிறது. கல்வெட்டில் ஆர்வம் வந்துவிட்டால் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட தருமபுரிக் கல்வெட்டுகள் தொகுதியை நூலகத்தில் கேளுங்கள். தகடூர் புத்தகப் பேரவை நம்ம ஊரில் புத்தகத் திருவிழா நடத்துகிறது, அந்தச் சமயம் ஒரு சாயங்காலமாவது போய் வாருங்கள்.

கேள்வி: கிருஷ்ணகிரியில் பாறை ஓவியம் இருக்கிறதாமே, குழந்தைகளோடு போகலாமா? (ஒரு வாசகர், காவேரிப்பட்டினம்)

பதில்: பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் இருக்கிறது, வெள்ளை நிறத்தில் வரைந்தவை. பாறை ஏற வேண்டும், வெயில் வேறு, சின்னப் பிள்ளைகள் என்றால் வேண்டாம். உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பெரியவர்கள் போகலாம். குழந்தைகளுக்குக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் போதும், வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்காதீர்கள். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்களே, அதுவும் உங்கள் மாவட்டம்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: தெருக்கூத்தை முழு இரவும் உட்கார்ந்து பார்க்க ஆசை. எங்கே, எப்போது போவது? (வேலைக்காகப் பெங்களூரில் இருக்கும் ஒரு பென்னாகரத்துக்காரர்)

பதில்: மேடை போட்டு ஒரு மணி நேரம் ஆடுவதைப் பார்க்காதீர்கள், அது கூத்தே இல்லை. பங்குனி, சித்திரையில் ஊருக்கு வந்தால் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதம் நடக்கும். பகலில் சொற்பொழிவு, ராத்திரி அதே கதை கூத்தாக. ஒரே ஒரு இரவுதான் கிடைக்கும் என்றால் அர்ச்சுனன் தபசைத் தேர்ந்தெடுங்கள், நட்டுவைத்த உயரமான மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். துரியோதனன் சாகும் கட்டமான படுகளம் மறுபடி பகலில்தான், தரையில் மண்ணால் செய்த அவன் உருவம் படுத்திருக்கும். முன்கூட்டியே போய் ஒப்பனை போடுவதைப் பாருங்கள், புஜக்கட்டையும் கிரீடமும் ஏற ஏற ஆள் மாறிக்கொண்டே போவார். தேதிக்கு இணையத்தில் தேடி அலைய வேண்டாம், ஊரில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு ஒரு போன் போடுங்கள், நோட்டீஸ் அடித்தவுடன் சொல்லிவிடுவார்கள்.